களப்பிலிருந்து தெரிந்த இந்தியா

நான் பொய் பேசுகிற ஆள் இல்லை. உண்மைக்குக் கொஞ்சம் உரம் போடுவேன், அவ்வளவுதான். உரம் போடாமல் பண்டாரவளை மண்ணில் என்ன விளைந்திருக்கிறது, சொல்லுங்கள். இருபத்தெட்டு வருடம் அந்த மண்ணில் விளைந்த கோவா என்கிற முட்டைக்கோசையும் லீக்ஸையும் லொறியில் ஏற்றிப் பொத்துவிலில் இறக்கி, அங்கிருந்து கருவாடும் தேங்காயும் ஏற்றித் திரும்பியவன் நான். லகுகலைக் காட்டில் யானைக் கூட்டம் வழியை மறித்தபோது ஒரு மூட்டைக் கோவாவை அவிழ்த்து உருட்டிவிட்டுத் தப்பிய கதையைக் கேட்காத தேத்தண்ணிக் கடை ஊவா மாகாணத்திலேயே கிடையாது. யானை நாற்பத்தேழு என்று சொல்வேன். மெய்யாகவே நின்றது மூன்று. மூன்று யானைக்கு எவன் ஓசித் தேத்தண்ணி தருவான்?

இந்தக் கதையில் மட்டும் ஓர் ஏற்பாடு. உரம் போட்ட இடத்தை அங்கங்கே நானே காட்டிவிடுகிறேன். காரணம், இதில் நான் போட்ட உரம் ஓர் ஆளைக் கடல் வரைக்கும் கூட்டிக்கொண்டு போய்விட்டது.

அந்த ஆள் மாடசாமி. நமுனுகுலத் தோட்டத்தில் கவ்வாத்து வெட்டுகிறவன். அவன் கத்தி போட்ட தேயிலைச் செடியின் தலையில் தட்டு வைத்துச் சோறு தின்னலாம், அவ்வளவு சமமாக இருக்கும். நானே தின்றிருக்கிறேன். சரி, தின்னவில்லை, தேத்தண்ணிக் கோப்பை வைத்துப் பார்த்தேன், சிந்தவில்லை. குடியிருந்த வரிசை வீடான லயத்துக்குப் பின்னால் இரண்டு பாய் விரிக்கிற அளவு நிலத்தில் கோவா போட்டிருந்தான். சனிக்கிழமை தோறும் அதைத் தலையில் சுமந்து என் லொறிக்குக் கொண்டுவருவான். பழக்கம் அப்படி வந்தது, அண்ணன் முறைக்கு என்னை நானா என்று கூப்பிடுகிற அளவுக்கு. அவன் மனைவி ரெங்கம்மா மலையில் கொழுந்து பறிக்கிறவள். பேச்சுக் குறைவு, பேசினால் அன்றைக்கு யாருக்கோ வெட்டு விழும். என்னுடைய யானைகளைக் கேட்டுவிட்டு, "நானா லொறிய ஓட்டுறத விட வாய ஓட்டுனா டீசலு மிச்சம்" என்று ஒரு தடவை சொன்னாள். அன்றிலிருந்து அவள் எனக்குத் தங்கச்சி.

அவர்களுக்கு ஒரே மகள், பெரியாயி. அவளைக் கட்டிய கணபதி நல்ல பையன். ஆனால் இரண்டு அரசாங்கமும் தோட்டத்து ஆட்களைப் பங்கு பிரித்ததில் அவன் பேருக்கு இந்தியக் கடவுச்சீட்டு வந்துவிட்டது. மாடசாமிக்கும் ரெங்கம்மாவுக்கும் கிடைத்தது இலங்கைப் பிரஜாவுரிமை. அந்த நாளில் தோட்டத்து வீடுகளில் இதுதான் நடப்பு: அடுப்பு ஒன்று, நாடு இரண்டு. எழுபத்தொன்பதாம் வருடம் மாசி மாதம் பெரியாயியின் தகரப் பெட்டியை என் லொறியில்தான் பண்டாரவளை ஸ்டேசனுக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்து தலைமன்னார், பிறகு கப்பல், அக்கரையில் மண்டபத்து முகாம் என்று சொன்னார்கள்.

ரெங்கம்மா அன்றைக்குக் கிளிப்பச்சைச் சேலை கட்டியிருந்தாள். ரயில் ஜன்னலுக்கு உள்ளே இருந்த பெரியாயி தாயின் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். ரயில் கிளம்பியது. அவள் விடவில்லை. ரெங்கம்மா கூடவே ஓடினாள். பிளாட்பாரம் முடிகிற இடத்தில் முந்தானை கிழிந்து, ஒரு முழத் துணி ரயிலோடு போனது. இந்த இடத்தில் உரமில்லை.

அடுத்த சனிக்கிழமை மாடசாமி கோவா இல்லாமல் வெறுங்கையோடு வந்தான். தேத்தண்ணிக் கடை வாங்குப் பலகையில் உட்கார்ந்து, வாங்கிய தேத்தண்ணி ஆறிப்போவதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்து போனான். அதற்கு அடுத்த சனியும் அதே கூத்து. சோறும் இறங்குவதில்லை என்று லயத்தில் சொன்னார்கள். நான் யானைக் கதையைச் சொன்னேன். யானையை நூறாக உயர்த்தியும் பார்த்தேன். முகத்தில் ஓர் அசைவு இல்லை. நாலாவது சனி அவனாக வாய் திறந்தான்.

"நானா, நீங்க கடலப் பாத்தவரு. அங்க நின்னா அந்தக் கரை தெரியுங்களா?"

பொத்துவில் இருப்பது கிழக்கே. இந்தியா இருப்பது வடமேற்கே. நடுவில் முழு இலங்கையும் குறுக்கே படுத்துக் கிடக்கிறது. படம் பார்த்துப் படிக்காவிட்டாலும் லொறிக்காரனுக்கு இதெல்லாம் தெரியும். ஆனால் அவன் முகத்தைப் பார்த்ததும் என் வாய் தானாகவே கியரை மாற்றிக்கொண்டது.

"தெரியாமலா? பொத்துவில் களப்புக்குள்ள ஒரு தீவு இருக்கு. சாயங்காலம் அதுல ஏறி நின்னா ராமேஸ்வரத்துல காயப் போட்ட வேட்டிய எண்ணலாம்."

மாடசாமி கோப்பையை எடுத்து ஒரே மடக்கில் குடித்தான். ஒரு மாதத்துக்குப் பிறகு அவன் தொண்டையில் ஏதோ இறங்கியதைக் கண்ட சந்தோசத்தில் எனக்கு பிரேக் பிடிக்கவில்லை. தண்ணீருக்குள் முகத்தை வைத்துக் கூப்பிட்டால் சத்தம் கப்பலை முந்திக்கொண்டு அக்கரைக்குப் போகும் என்றும் சேர்த்துவிட்டேன்.

"எப்பங்க போறது?" என்றான்.

மறந்துவிடுவான் என்று நினைத்தேன். அடுத்த சனிக்கிழமை கடிதாசியும் உறையும் வாங்கிக்கொண்டு வந்து நின்றான். அவனுக்கு எழுத்துத் தெரியாது. பெரியாயி தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்தவள், வாசிப்பாள், எழுதுவாள். அவன் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். வைகாசிப் பௌர்ணமி அன்று வெசாக் போயா, தோட்டத்தில் லீவு. நிலா அங்கேயும் அதே நிலாதான், நாள் தப்பாது. அன்று சாயங்காலம் நீ கடற்கரைக்கு வந்து நில்லு, நாங்கள் இக்கரையில் தீவில் நின்று கை காட்டுவோம். எழுதியது என் கை, மை என் பேனா மை. போட்டுவிடுகிறேன் என்று வாங்கித் தொலைத்துவிடலாம் என்று பார்த்தால், ரெங்கம்மா உறையைச் சோற்றுப் பருக்கையால் ஒட்டிக் கொடுக்க, அவனே தபால் பெட்டி வரை நடந்து போய்ப் போட்டான். போட்டபின் மூட்டை அமர்வதற்குத் தட்டுகிற மாதிரி பெட்டியை இரண்டு தட்டுத் தட்டினான்.

பதில் என் விலாசத்துக்கு வந்தது. "கட்டாயம் வந்து நிற்பேன் அப்பா. முகாமிலிருந்து கடல் கிட்டத்தான்."

இனி அந்தப் பிள்ளை அங்கே நிற்கப் போகிறாள். இவனை இங்கே நிற்க வைக்காமல் நான் லொறியில் ஏற முடியுமா? ஆனாலும் என் தலைக்குள் ஒரு தந்திரம் இருந்தது. கடல் பக்கத்தில் வெயில் நாளில் எப்போதும் ஒரு புகார், பனிமூட்டம் மாதிரி, கிடக்கும். போவோம், சாப்பிடுவோம், சாயங்காலம் ஆனதும் 'அட, இன்றைக்கென்று பார்த்து மூடிக்கொண்டதே' என்று தலையில் அடித்துக்கொள்வேன். அவனைத் தேற்றிக் கூட்டிவந்துவிடலாம். வந்து நின்றோம் என்பதாவது மகளுக்கு மெய்யாகும்.

வெசாக் அன்று விடியற்காலையில் இருவரையும் ஏற்றிக்கொண்டு பசறை வழியாக இறங்கினேன். ரெங்கம்மா மஞ்சள் சேலை. மாடசாமிக்குக் கோயிலுக்குக் கட்டுகிற வேட்டி, தலையில் வழக்கமான தலைப்பா. அந்தத் தலைப்பா இல்லாமல் அவனை நான் பார்த்ததே கிடையாது. பிறக்கும்போதே கட்டிக்கொண்டு பிறந்தான் என்று மருத்துவச்சி சாட்சி சொல்வாள். மொனராகலை தாண்டியதும் உஷ்ணம் முகத்தில் அறைந்தது. இரண்டு பேரும் குளிருக்குப் போர்த்திய கம்பளியை அப்போதும் கழற்றவில்லை. லகுகலையில் யானை காட்டுகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். ஒன்றுகூட வரவில்லை. அன்றைக்கு யானைகளும் என்னைக் கைவிட்டன.

பொத்துவிலில் என் மனைவி வழியில் மச்சான் முறையான வாஹித் தோணியோடு காத்திருந்தான். அவன் களப்பில், அதாவது கடலோரத்து உப்பேரியில், மீன் பிடிக்கிறவன். அறுகம்பையில் அலையில் ஏறி விளையாட வருகிற வெள்ளைக்காரர்களை இடைக்கிடை தோணியில் ஏற்றிச் சுற்றிக் காட்டுவான். அவனைத் தென்னை மரத்தடிக்குத் தள்ளிக்கொண்டு போய் விசயத்தைச் சொன்னேன்.

வாஹித் என்னை மேலும் கீழும் பார்த்தான். "மச்சான், இந்தியா எந்தப் பக்கமெண்டு எனக்கே தெரியா. நான் பொறந்ததுலேருந்து இந்தத் தண்ணியிலதான் கிடக்கிறன்."

ஒன்றும் பேசாதே, புகார் மூடியிருக்கிறது என்று மட்டும் சொல் என்று கையைப் பிடித்துக்கொண்டேன்.

கரையில் மாடசாமி குனிந்து ஒரு விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தான். "உப்பு. கடல்தான்" என்றான் மனைவியிடம். மலையிலிருந்து வந்தவனுக்கு அகலமாகவும் உப்பாகவும் இருந்தால் அது கடல். நான் திருத்தவில்லை. மணல் திட்டுக்கு அப்பால் மெய்யான கடல் இரைந்துகொண்டிருந்தது. அது என்ன சத்தம் என்றான். அது சிங்கப்பூருக்குப் போகிற கடல், நமக்கு வேண்டாதது என்றேன்.

ரெங்கம்மா அதற்குள் சேலையை முழங்கால் வரை தூக்கிச் சொருகிக்கொண்டு கால் இரண்டிலும் சவர்க்காரத்தையும் சுண்ணாம்பையும் குழைத்துப் பூசத் தொடங்கியிருந்தாள். தோட்டத்தில் ஈரத்துக்குள் இறங்குவதற்கு முன் அட்டை ஏறாமலிருக்கப் பூசுகிற அதே பூச்சு. பொட்டலம் கட்டி நமுனுகுலவிலிருந்தே கொண்டுவந்திருந்தாள். வாஹித் துடுப்பை ஊன்றி நின்று பார்த்தான்.

"இது உப்புத் தண்ணி, புள்ள. இதுக்குள்ள அட்டை வந்தா ஊறுகாயாப் போயிரும்."

"ஒங்களுக்குத் தெரியாது. அட்டைக்கி ஊரு பேரு கெடையாது" என்று சொல்லி அவள் மற்றக் காலையும் பூசி முடித்தாள்.

தோணி போனது. கண்டல் மரங்கள் வேரை வெளியே போட்டுக்கொண்டு நின்றன. ஒரு முதலை படுத்திருந்தது. கவ்வாத்து வெட்டிப் போட்ட கட்டை போல என்றான் மாடசாமி. லயத்தின் நீளம் இருந்தது என்று நான் பிறகு எல்லா இடத்திலும் சொன்னேன். மெய்யாக ஓர் ஆள் நீளம். கொக்குகளைப் பார்த்து ரெங்கம்மா, வெசாக்குக்குப் புத்த விகாரைக்குப் போகிற பெண்கள் மாதிரி வெள்ளையாக உடுத்தியிருக்கின்றன என்றாள். ஆனால் இருவருடைய கண்ணும் அடிக்கடி சூரியனுக்குத்தான் போனது. எத்தனை மணி, எத்தனை மணி என்று என்னைப் பிடுங்கினார்கள். சாயங்காலம் ஆகும் வரைக்கும் அவர்களை எதிலாவது மினக்கெடுத்த வேண்டியிருந்தது.

கடல் வாய்க்குக் கிட்ட, பாறை கிடக்கிற இடத்தில் தண்ணீர் கண்ணாடி மாதிரி. அங்கே வாஹித் தோணியை நிறுத்தினான். எவனோ ஒரு வெள்ளைக்காரன் விட்டுப்போன சாமான் அவனிடம் இருந்தது: கண்ணாடி பதித்த ரப்பர் முகமூடி, வாயில் கவ்வி மூச்சு விடுகிற வளைந்த குழாய். முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தால் அடியில் இருப்பதெல்லாம் தெரியும் என்றதும் மாடசாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மார்பளவு தண்ணீரில் இறங்கிவிட்டான். தலைப்பாவைக் கழற்றச் சொன்னோம். மாட்டேன் என்றான். தலைப்பாவுக்கு மேலேயே வாரை இழுத்து மாட்டினோம். தோணி விளிம்பை ஒரு கையால் பிடித்தபடி முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தான். முதலில் குழாய் கனைத்தது. பிறகு மூச்சு சீராக வந்தது.

எழும்பியபோது முகமூடிக்குள் அவன் கண் இரண்டும் கோழி முட்டை அளவு.

"நானா, கீழ பெரட்டு நடக்குது" என்றான், தோட்டத்தில் காலையில் பேர் கூப்பிட்டு ஆள் கணக்கெடுப்பதை நினைத்து. "கோடு கோடாச் சட்ட போட்டுக்கிட்டு வரிசையா நிக்கிறாங்க. பின்னால ஒரு தடியன் வெரட்டிக்கிட்டு வாறான். கங்காணியேதான்."

"பேரு கூப்புட்டாச்சான்னு கேளுங்க" என்றாள் ரெங்கம்மா. "பிந்திப் போனா அரப் பேருதான் போடுவான், அர நாள் கூலிதான்."

ரயில் போன நாளுக்குப் பிறகு அவள் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். வாஹித்தும் சிரித்தான். என் தந்திரம் நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கிறது என்று நானும் மகிழ்ந்துபோனேன்.

மாடசாமி மறுபடியும் முகத்தை வைத்தான். இந்தத் தடவை வெகுநேரம். திடீரென்று குழாய் வழியாக ஆட்டுக்குட்டி கத்துகிற மாதிரி ஒரு சத்தம். நின்றது. மறுபடி அதே சத்தம். மூன்றாம் தடவை குழாய் தண்ணீருக்குள் போய்விட, குமிழி குமிழியாகக் கிளம்பியது. வாஹித் அவன் தோளைப் பிடித்துத் தூக்கினான். மூக்காலும் வாயாலும் உப்புத் தண்ணீர் வழிய இருமினான். ரெங்கம்மா முதுகைத் தட்டியபடி, கீழே என்னத்தைக் கண்டு அப்படிக் கத்தினீர்கள் என்று அதட்டினாள்.

"புள்ளையக் கூப்புட்டேன்." அவன் முகமூடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். "தண்ணிக்குள்ள கூப்புட்டா அங்க கேக்கும்னு நானாதான சொன்னாரு."

வாஹித் என்னைப் பார்த்தான். நான் துடுப்பைப் பார்த்தேன்.

தீவு என்று நான் பெருமையடித்தது பத்து நிமிடத்தில் சுற்றி வரக்கூடிய ஒரு மேடு. நாலு மரம், ஒரு பாறை. அங்கே வாஹித் விறகு கூட்டி, அப்போதுதான் பிடித்த திரளி மீனை உப்பும் மிளகாயும் தடவிச் சுட்டான். அவன் பெண்டாட்டி கொடுத்துவிட்ட சோறும் இறால் ஆணமும் இருந்தன. ரெங்கம்மா ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் அவிழ்த்தாள். தோட்டத்தில் மீன் என்றால் கருவாடு. உப்புப் போட்டுக் காய்ந்த பிறகுதான் அவர்களுக்கு மீன் பிறக்கும். துடிக்கிற மீனை அவள் வேடிக்கை பார்த்துக்கொண்டே இருந்தாள். மாடசாமி நாலு மீன் தின்றான். நாற்பது என்று சொல்ல எனக்கு ஆசைதான்.

ரெங்கம்மா தன் பங்கில் நடுத்துண்டைப் பிட்டு ஒரு ரொட்டிக்குள் வைத்து மடித்து இலையில் ஒதுக்கினாள். யாருக்கு என்று வாஹித் கேட்டான். பெரியாயிக்கு மீன் என்றால் உயிர், பழக்கத்தில் கை தானாக எடுத்து வைத்துவிட்டது என்றாள். பிறகு அந்த ரொட்டியை யாரும் தின்னவுமில்லை, எறியவுமில்லை. திரும்பும்போது அவள் மடியில் இருந்தது.

வெயில் சாய்ந்தது. மாடசாமி முகம் கழுவி, வேட்டியை உதறிக் கட்டி, பாறை மேல் ஏறி நின்றான். எந்தப் பக்கம் என்றான். மேற்கே கையைக் காட்டினேன். அந்த மட்டில் பொய்யில்லை. தலையில் அடித்துக்கொள்வதற்குக் கையைத் தயாராக வைத்துக்கொண்டேன். புகார் வரட்டும் என்று வாயாலும் மனத்தாலும் துஆ செய்தேன்.

முதல் நாள் மலையில் மழை பெய்து வானத்தைக் கழுவி வைத்திருந்தது. சூரியன் இறங்க இறங்க, களப்பின் அக்கரையில் கரிக்கோடு மாதிரி கிடந்த மரங்களுக்கு வெகு மேலே, நீலமாக ஒன்று எழும்பியது. மடிப்பு மடிப்பாக, உச்சி உச்சியாக.

"இந்தியா" என்றான் மாடசாமி. சத்தமே வரவில்லை.

நான் திரும்பிப் பார்த்தேன். நமுனுகுல மலை. காலையில் நாங்கள் இறங்கி வந்த அதே மலை. அதன் இடுப்பில் பிறந்து, அதன் முதுகில் நாற்பது வருடம் கவ்வாத்து வெட்டியவன், ஒரு நாளாவது அதைத் தள்ளி நின்று பார்த்திருந்தால்தானே? வீட்டுக்குள்ளேயே கிடப்பவனுக்குத் தன் கூரையின் முகம் எப்படித் தெரியும்?

"அங்கயும் மல இருக்கு பாரு, ரெங்கம்மா. நம்ம பக்கம் மாதிரியேதான் இருக்கு. புள்ள பழகிக்குவா." அவன் குரல் இப்போது நன்றாக வந்தது. தலைப்பாவை அவிழ்த்தான். நரைத்த தலையை முதன்முதலாகப் பார்த்தேன். தலைப்பாத் துணியை இரண்டு கையாலும் பிடித்துத் தலைக்கு மேலே வீசினான். "நீயும் காட்டு. சீலயக் காட்டு. பாத்துக்கிட்டு நிப்பா."

ரெங்கம்மா கையைக் கண்ணுக்கு மேலே வைத்து மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் உதடு அசைந்தது. எண்ணுகிறாள் என்று கண்டுகொண்டேன். எண்ணி முடித்ததும் திரும்பி என்னைப் பார்த்தாள். தலையில் அடித்துக்கொள்வதற்கு வைத்திருந்த கையை நான் கீழே போட்டேன். அவள் மஞ்சள் முந்தானையை இழுத்துப் பிடித்து, மலையைப் பார்த்து வீசத் தொடங்கினாள். சூரியன் முழுதாக விழும் வரைக்கும் இருவரும் வீசினார்கள்.

வாஹித் வீட்டில் தங்கி மறுநாள் காலையில் திரும்பினோம். மொனராகலை தாண்டியதும் லொறியின் கண்ணாடி முழுவதையும் மலை அடைத்துக்கொண்டது. நடுவில் உட்கார்ந்திருந்த மாடசாமி என் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தான். கதவோரம் இருந்த ரெங்கம்மா வெளியே பார்த்தபடியே பேசினாள்.

"நம்ம மலைக்கி ஒம்பது கொண்டை, நானா. வடக்கால கடைசிக் கொண்டையில ஒரு பள்ளம் விழுந்திருக்கும். அதுக்குக் கீழதான் எங்க அஞ்சாம் நம்பரு. முப்பது வருசமா அங்க கொழுந்து பறிக்கிறேன்."

எனக்கு ஸ்டியரிங் வழுக்கியது.

"இவருகிட்டச் சொல்லிராதீங்க. நேத்து ராத்திரி ரெண்டு தட்டுச் சோறு தின்னாரு."

ஆனி மாதக் கடைசியில் பெரியாயியின் கடிதம் வந்தது. அந்தப் பிள்ளை இருட்டும் வரைக்கும் வெறும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பாளே, என்ன எழுதியிருப்பாள்? முதலில் மனத்துக்குள் வாசித்தேன். பிறகு ஓர் எழுத்துக் கூட்டாமல், குறைக்காமல் தேத்தண்ணிக் கடை வாங்கில் வைத்து அவர்கள் இருவருக்கும் வாசித்துக் காட்டினேன்.

"அப்பா, நான் பார்த்தேன். நன்றாகத் தெரிந்தது. நீங்கள் தலைப்பாவை அவிழ்த்து வீசினீர்கள். அம்மா பச்சைச் சேலை கட்டியிருந்தது. நானும் கை காட்டினேனே, பார்த்தீர்களா?"

பொய்யில் முடி நரைத்தவன் நான். ஒரு நல்ல பொய்யை முதல் வரியிலேயே மோப்பம் பிடித்துவிடுவேன். அப்பன் தலைப்பா இல்லாமல் இருக்கமாட்டான், அதனால் அது. அம்மாவைக் கடைசியாகக் கண்டது பச்சைச் சேலையில், அதனால் இது. அந்த ஒரு முழத் துணியை மடியில் வைத்துக்கொண்டு எழுதியிருப்பாள். என் நாற்பத்தேழு யானையும் அந்த நாலு வரிக்கு முன்னால் மண்டியிட வேண்டும்.

"பச்சையா?" மாடசாமி மனைவியைத் திரும்பிப் பார்த்தான். அவன் கொஞ்சம் யோசித்தான். "தூரமில்லையா. மஞ்சச் சீல, நடுவுல நீலத் தண்ணி. ரெண்டும் சேந்தா பச்சையாத்தான தெரியும்?"

"ஆமா" என்றாள் ரெங்கம்மா.

அதன் பிறகு மாதம் ஒரு கடிதம் எழுதினோம். மார்கழி வரைக்கும் பதில் வந்தது. தை, மாசி, பங்குனி ஒன்றும் வரவில்லை. சித்திரையில் நாங்கள் அனுப்பிய கடிதமே திரும்பி வந்தது. முகாமில் இல்லை, வேறிடம் போய்விட்டனர் என்று பென்சிலால் ஓரத்தில் எழுதியிருந்தார்கள். எந்த இடம் என்று இல்லை. ரெங்கம்மா சோற்றுப் பருக்கையால் ஒட்டிய உறை ஒட்டினபடியே இருந்தது. அதைச் சட்டைப் பைக்குள் வைத்தேன். இந்தச் சனி சொல்லிவிடுவோம், அடுத்த சனி சொல்லிவிடுவோம் என்று இருந்தேன். ஒவ்வொரு சனியும் மாடசாமி வைகாசிப் பௌர்ணமிக்கு இன்னும் எத்தனை நாள் என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போவான். கோவாவும் ஒழுங்காக வந்தது.

வெசாக் அன்று விடியற்காலை லயத்துக்குக் கீழே லொறியை நிறுத்தி ஹோர்ன் அடித்தேன். ரெங்கம்மா படி இறங்கி வந்தாள். கிளிப்பச்சைச் சேலை. கிழிந்த முனையை மடித்துக்கூடத் தைக்கவில்லை, நூல் தொங்கியது. மாடசாமி பின்னால் பெருமையாக வந்தான். போன வருசம் மஞ்சளே பச்சையாகத் தெரிந்தது, இந்த வருசம் பச்சையையே கட்டச் சொல்லிவிட்டேன் என்றான்.

அதே தோணி, அதே பாறை, அதே சுட்ட மீன். அவளும் அதே மாதிரி காலில் சவர்க்காரம் பூசினாள். சாப்பாட்டுக்குப் பிறகு, தீவை ஒட்டிய தண்ணீரில் மாடசாமி முகமூடியைப் போட்டுக்கொண்டு இறங்கினான். குழாய் வழியாக அந்த ஆட்டுக்குட்டிச் சத்தம் வந்துகொண்டிருந்தது. வாஹித் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றான். இதுதான் நேரம் என்று நான் ரெங்கம்மாவிடம் போனேன். பைக்குள்ளிருந்து உறையைப் பாதி உருவினேன்.

அவளுக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் தன் கையால் ஒட்டிய உறையைத் தெரியும். அது பிரியாமல் இருப்பதைப் பார்த்தாள். நான் மறுபடியும் அதைப் பைக்குள் தள்ளினேன்.

மேற்கே நமுனுகுல மலை நீலமாக எழும்பிக்கொண்டிருந்தது. ஒன்பது கொண்டையும், கடைசிக் கொண்டையின் பள்ளமும் துலக்கமாகத் தெரிந்தன. மாடசாமி தலைப்பாவை அவிழ்த்தபடி தண்ணீர் சொட்டச் சொட்டப் பாறையை நோக்கி ஓடி வந்தான். ரெங்கம்மா முந்தானையை எடுத்து, கிழிந்த முனை வெளியே வருகிற மாதிரி விரித்துப் பிடித்தாள்.

"நானா," என்றாள் திரும்பாமல், "பச்ச அங்கேருந்து தெரியும்ல?"

"டில்லி வரைக்கும் தெரியும், தங்கச்சி."

அவள் பாறையில் ஏறிப் புருஷனுக்குப் பக்கத்தில் நின்று வீசினாள்.